குதிரானில் நின்ற புள்ளி

"என் கண்ணக் கட்டி வண்டில உக்கார வைங்க. கோயமுத்தூர் ஏர்போர்ட்லேர்ந்து மட்டாஞ்சேரி வரைக்கும் வண்டி எந்த எடத்துல போவுதுன்னு பாட்டக் கேட்டே சொல்லுவேன். குறுக்க ஒரு ஆடு வந்தா, அது எந்த ஊரு ஆடு, அதுக்கு எத்தன குட்டின்னு கூடச் சொல்லுவேன்."

அப்துல் ஜலீல் இதைச் சொன்னபோது காலை ஆறரை மணி. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்குக் கிடங்கை ஒட்டிய சந்தில் டிராவல்ஸின் ஆறு வண்டிகள் ஓட்டத்துக்காகக் காத்து நின்றன. டிரைவர்கள் ஈரத்துணியால் கண்ணாடி துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். ஜலீலுக்கு வயது ஐம்பத்தொன்பது. அவர் விட்ட கதைகளை அடுக்கி வைக்க அந்தக் கிடங்கு காணாது. கேட்கச் சுகமாக இருந்தால் நம்பிவிடுவது என்று டிரைவர்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். நம்பாதவர் ஒரே ஒருவர்தான், சூபர்வைசர் விஸ்வநாத். பாலக்காட்டுத் தமிழர். டிரைவர்களுக்கு அவர் 'சாமி'. ஜலீல் எல்லோருக்கும் 'இக்கா', அண்ணன்.

"ஆட்டை விடுங்கோ இக்கா," என்றார் விஸ்வநாத். அவர் கையில் ஒரு தாள் இருந்தது. "செவ்வாக்கிழமை திரும்பி வரச்சே வண்டி குதிரான் சுரங்கத்து வாசல்ல அம்பத்திரண்டு நிமிஷம் நின்னிருக்கு. அது என்ன பாட்டு?"

"நிக்கல சாமி."

"மெஷின் சொல்றது."

"மெஷினுக்கு நான் என்ன துரோகம் பண்ணினேன்னு தெரியல."

சிரிப்பு நின்றது. எல்லா வண்டியிலும் டேஷ்போர்டுக்கு அடியில் ஜிபிஎஸ் பெட்டி ஒன்று இருந்தது. காலியாகத் திரும்பும் வண்டி வழியில் நின்றால், டிரைவர் தன் கணக்கில் ஆள் ஏற்றினான் என்று முதலாளி அர்த்தம் செய்துகொள்வார். ஆள் ஏற்றியவனுக்கு வேலை இல்லை. இன்றைய ஓட்டத்துக்கு மட்டும் ஓர் ஏலக்காய் வியாபாரி, ஜலீல்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார். "நீயும் கூடப் போ. திரும்பி வந்ததும் சாவியை வாங்கிக்கோ" என்று எர்ணாகுளத்திலிருந்து முதலாளி போனில் சொல்லியிருந்தார். ஜலீலுக்கும் அது தெரியும். இந்த வயதில் வேறு எந்த டிராவல்ஸும் எடுக்காது என்பதும் தெரியும்.

போகும்போது வண்டியில் பாட்டு இல்லை. வியாபாரி, மனைவி, இரண்டு மகள்கள், நான்கு பேர் காதிலும் நான்கு பாட்டு. முன்சீட்டில் விஸ்வநாத்துக்குக் கேட்டதெல்லாம் இயர்போன்களிலிருந்து கசிந்த கொசுச் சத்தம்தான். போகும்போது பாட்டு ஏறியவருடையது, காலியாகத் திரும்பும்போது டிரைவருடையது. முப்பத்துநாலு வருஷமாக ஜலீல் மீறாத சட்டம் அது. ஒரு கல்யாணக் கோஷ்டி சேலம் வரைக்கும் ஒரே கேசட்டைப் பத்தொன்பது தடவை போடவைத்ததாம். இருபதாவது தடவை கேசட் தானே நாக்கை வெளியே தள்ளிவிட்டது என்று சொல்வார்.

ஏர்போர்ட்டில் ஆட்களை இறக்கியதும் ஜலீல் சட்டைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்துச் செருகினார். மகள் நிஸா ஏற்றிக்கொடுத்த பாட்டுகள். பிறகு இறங்கிச் சுற்றி வந்து, தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை நாலாக மடித்துக் கண்ணைக் கட்டிக்கொண்டார்.

"நகருங்க சாமி. இன்னிக்கு நீங்க டிரைவர்."

விஸ்வநாத் மறுத்திருக்கலாம். ஆனால் ஆள் பொய்யன் என்று ஒருமுறை கண்ணெதிரே தெரிந்துவிட்டால் சாவியைக் கேட்பது சுலபமாக இருக்கும் என்று தோன்றியது. போனை டேஷ்போர்டு தாங்கியில் பொருத்தி ஆபீஸ் ஆப்பைத் திறந்தார். வரைபடத்தில் வண்டி ஒரு கறுப்புப் புள்ளியாக நகர்ந்தது.

"வாளையார்," என்றார் ஜலீல். "கணவாய்க் காத்து வயலினத் தின்னுது பாருங்க."

வெளியே வாளையார்தான். விஸ்வநாத் ஓரம் கட்டி, தன் கைக்குட்டையையும் துவர்த்துக்கு மேலே இறுக்கிக் கட்டினார். கஞ்சிக்கோட்டில் சொல்லாமல் சர்வீஸ் ரோட்டில் இறக்கினார்.

"மெயின் ரோடு என்ன பாவம் பண்ணிச்சு? இடது ஸ்பீக்கர் இருமுது, கேக்கலயா?"

"இதெப்படி இக்கா?"

"பாட்டு எனக்கு மனப்பாடம் சாமி. அத நான் கேக்கறதே இல்ல. அதுல இல்லாததத்தான் கேக்கறேன். பாட்டுல இல்லாத சத்தமெல்லாம் ரோடு."

ஆலத்தூரில் சாயாக்கடைக்காரர் கண்ணாடிக் கிளாஸை ஜலீலின் கையைப் பிடித்து வைத்தார். "கண்ணு ஆபரேஷனா இக்கா?"

"ரெண்டையும் கழட்டிக் கழுவப் போட்ருக்கு," என்றார் ஜலீல்.

குதிரான் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் பாட்டு அண்டாவுக்குள் இறங்கியதுபோலக் கனத்தது, பின் வெளிச்சத்தில் மெலிந்தது. ஜலீல் விரலால் மட்டும் சுரங்கத்தின் தொடக்கத்தையும் முடிவையும் தொடையில் தட்டிக் காட்டினார். "பட்டிக்காடு ஸ்டாப்பு," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மண்ணுத்தி. பாலம் ஏறறோம். பாருங்க, தபலாக்காரன் வாசிக்காத நாலு தட்டு."

நாலு தட்டு விழுந்தது. விஸ்வநாத் போனைப் பார்த்தார். புள்ளி குதிரான் வாயிலிலேயே இருந்தது. கீழே எழுதியிருந்தது: 'நிறுத்தம், 16 நிமிடம்.' வேகமுள் எண்பதில் நின்றது. கண்ணாடிக்கு வெளியே மண்ணுத்திக் கடைகள் பின்னால் ஓடின. அவர் போனை ஒரு தட்டுத் தட்டினார். பதினாறு பதினேழானது.

"என்ன சாமி, பேச்சக் காணோம்?"

"மெஷின் குதிரான்லயே நின்னுண்டிருக்கு."

"நின்னு நிதானமா ஒரு சாயா குடிச்சிட்டு வரட்டும்," என்றார் ஜலீல். சிரித்த சிரிப்பில் கட்டு கழன்று மூக்கில் விழுந்தது. அவசரமாக அதைக் கண்ணுக்கு ஏற்றிக்கொண்டார்.

சாலக்குடிப் பாலத்தில் புள்ளி ஒரே தாவாகத் தாவி வண்டியைப் பிடித்தது. அதற்குள் நிறுத்தம் நாற்பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது.

மாலை சந்துக்குள் வண்டியை நிறுத்தியதும் விஸ்வநாத் முதலாளிக்குப் போன் செய்தார். முதலாளியின் குரல் போனுக்கு வெளியே வரை கேட்டது. "மெஷின் தப்புன்னு எழுதிக் குடுத்தா, எல்லா ரிப்போர்ட்டும் தப்புன்னு நம்ம வண்டி எடுக்கற கம்பெனிக்காரன் சொல்லுவான். காண்டிராக்ட் போகும். முதல்ல உன் சீட்டுதான் போகும். பாட்டக் கேட்டு எடம் சொன்னானாம். நீ பாத்தியா?"

விஸ்வநாத் சுக்கு மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் பள்ளுருத்தியில் வாடகை வீடு, படிக்கிற மகள் ஸாதனா. "இல்லே சார். இக்கா சும்மா கதை சொல்றார்," என்றார்.

ஜலீல் பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சாவியை விஸ்வநாத்தின் கையில் வைத்தார். "சாமிக்குக் காது அடைச்சுப் போச்சு. சுரங்கத்துல போனா அப்படித்தான் ஆவும். ரெண்டு நாள்ல சரியாயிடும்," என்றார்.

அடுத்த வாரம் மெக்கானிக் வந்து ஆறு வண்டியிலிருந்தும் பாட்டுப் பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு போனான். டிரைவர்களின் கவனம் சிதறுகிறதாம்.

ஜலீல் இப்போது வாடகைக்கு எடுத்த சரக்கு ஆட்டோ ஓட்டினார். சுக்குக் கிடங்குக்கு மூட்டை கொண்டுவரும் நாட்களில் சந்தில் பழைய கூட்டம் கூடும். கதை வளர்ந்திருந்தது. இப்போது அவருக்கு மூன்று கட்டு, வண்டியின் ஹெட்லைட்டுக்கும் கட்டு, சாமி பயத்தில் மந்திரம் சொல்லிக்கொண்டே ஓட்டினார். "சாமி, இக்கா சொல்றது உள்ளதா?" என்று யாராவது கேட்டால், "வேலையைப் பாருங்கோடா," என்று விஸ்வநாத் உள்ளே போய்விடுவார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவர் கையில் மறுபடி ஒரு தாள் இருந்தது. ஜலீலின் பழைய வண்டியில் கோயமுத்தூர் போய்வந்த நௌஷாத், கதவைத் திறந்துபோட்டு அதன் பக்கத்தில் நின்றான். இரண்டு பிள்ளைக்காரன். குதிரான், நாற்பத்தெட்டு நிமிடம். சாவியை வாங்கச் சொல்லி முதலாளி முன்பே பேசிவிட்டார்.

"ஞான் நின்னிட்டில்ல சாமி," என்றான் நௌஷாத். "சத்தியமா எங்கயும் நிக்கல. பாட்டும் இல்ல, தூக்கம் வரக்கூடாதுன்னு நானே பாடிட்டு வந்தேன். இக்காவோட பாட்டு."

சாவி அவன் உள்ளங்கையில் நீட்டியபடி இருந்தது. விஸ்வநாத் அதை வாங்கவில்லை. திறந்த கதவு வழியாக டேஷ்போர்டைப் பார்த்தார். பாட்டுப் பெட்டி இருந்த இடத்தில் நீள்சதுரமாக ஒரு ஓட்டை. சிவப்பும் மஞ்சளுமாக வயர்கள் முனையில் டேப் சுற்றித் தொங்கின. ஓட்டைக்குள் யாரோ குடித்த சாயாக் கப்பைச் செருகியிருந்தார்கள். அதற்குக் கீழே, இருட்டில், ஜிபிஎஸ் பெட்டியின் பச்சை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது.

கிடங்கு வாசலில் ஜலீல் மூட்டையைத் தோளில் ஏற்றியவர், உள்ளே போகாமல் முதுகைக் காட்டியபடியே நின்றார்.

விஸ்வநாத் தாளை மடித்தார். சந்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் நௌஷாத்தைப் பார்த்தே சொன்னார்.

"இக்கா சொன்னது நடந்ததாக்கும். கண்ணைக் கட்டிண்டு பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு எடமாச் சொன்னார். மெஷின் குதிரான்ல நின்னுது, நாங்க மண்ணுத்தி தாண்டிண்டிருந்தோம். வண்டி ஓட்டினது நான்." தாளைச் சட்டைப்பையில் போட்டார். "ஆடு மட்டும்தான் வரலே."