பரணைப் பார்த்த கண்

படம் தொடங்கி ஒரு மணித்தியாலம் இருக்கும். கல்முனை மண்டபத்தின் மூன்றாம் வரிசையில், தங்கை கமீலாவுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த றஹீமா திடீரென்று முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

திரையில் ஒரு மலைக் கிராமம். பஸ் ஏறாத ஊர். பனி இறங்கும் சரிவில் பத்துப் பன்னிரண்டு வீடு, ஒரு தாய், வளர்ந்த இரண்டு மகன்மார். மூத்தவனுக்கும் இளையவனுக்கும் காணிச் சண்டை. தாய் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து தவிக்கிறாள். யுத்தம் கீழே எங்கேயோ நடக்கிறது என்று இருந்தவர்களின் வாசலில் ஒரு நாள் விடியற்காலை துவக்குக்காரர்கள் வந்து நிற்கிறார்கள். இளையவன் தோட்டத்துக்குள் ஓடிப் படுத்துவிட்டான். மூத்தவன் வீட்டுப் பரணில். “ஆம்புளையள் எங்க?” என்று ஒருவன் கேட்கிறான். தாய் வாய் திறக்கவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை. கண் மட்டும் ஒரு தரம் மேலே போய்த் திரும்பியது. அவ்வளவுதான். பிறகு ஏணியைச் சாத்தி ஏறினார்கள்.

மண்டபத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ‘இது எப்படி வெளியே வந்தது?’ என்ற ஒரே நினைப்புத்தான் றஹீமாவுக்கு.

முப்பத்திநாலு வருஷமாக அவள் ஒருவரிடமும் சொல்லாதது அது. மலையடிவெட்டையில் அவர்கள் குடியிருந்த காலம். பாறை மலைக்கு அடியில் பதினைந்து வீடு, சுற்றிவர வயல். றஹீமாவும் கமீலாவும் ஒரே வளவில் குடும்பம் நடத்தினார்கள். அன்றைக்கும் விடியற்காலைதான். நாய்கள் குரைத்த குரைப்பிலேயே விளங்கிவிட்டது. றஹீமாவின் புருஷன் முத்தலிப் களத்தில் கிடந்த வைக்கோல் கும்பத்துக்குள் புகுந்துகொண்டார். கமீலாவின் புருஷன் நஸீமுக்கு வெளியே ஓட நேரம் இல்லை. பரணில் ஏறி நெல் மூடைகளுக்குப் பின்னால் படுத்துவிட்டான். வாசலில் நின்றது அக்காவும் தங்கையும் மட்டும். கமீலாவுக்கு அப்போது வயிற்றில் நாலு மாதம்.

துவக்குக்காரன் அதே கேள்வியைத்தான் கேட்டான். றஹீமாவின் கண் மேலே போயிற்று.

நஸீமைக் கொண்டுபோனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. அடக்குவதற்கு மையித்தும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் இருக்கிற துணியோடு எல்லோரும் சாய்ந்தமருதுக்கு வந்து சேர்ந்தார்கள். தேடினார்கள், பரணில் இருந்தவரைப் பிடித்தார்கள் என்றுதான் எல்லோருக்கும் சொன்ன கதை. றஹீமாவும் அப்படித்தான் சொன்னாள். சொல்லிச் சொல்லி அதுதான் நடந்தது போலவும் ஆகிவிட்டது.

இப்போது யாரோ அதைப் படம் எடுத்திருக்கிறார்கள். ஊரை மாற்றி, ஆட்களை மாற்றி எடுத்திருக்கிறார்கள். அந்தப் பார்வையை மட்டும் மாற்றவில்லை.

அவள் மெல்லத் திரும்பிக் கமீலாவைப் பார்த்தாள். முன்வரிசையில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கமீலா அழவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி இருந்தாள்.

படம் முடிந்து வெளியே வரும்போது, அதை எடுத்த பிள்ளை றினோஸா ஓடி வந்தது. சாய்ந்தமருதுப் பிள்ளைதான்; முப்பது வயதுகூட இருக்காது. றஹீமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “முத்தலிப் மாமா வரல்லயா? அவர் இல்லாட்டி இந்தப் படமே இல்ல மாமி” என்றது. கமீலா அதற்குள் வாசலைத் தாண்டிப் போய் ஓட்டோவில் ஏறிவிட்டாள்.

வீடு வந்து சேரும்வரை கமீலா கதைத்தது ஒரே ஒரு வார்த்தைதான். “வெயில்.”

முத்தலிப் இல்லாவிட்டால் படமே இல்லை. அந்த வார்த்தை றஹீமாவின் தலைக்குள் ஊசி போல நின்றுவிட்டது. போன வருஷம் மகள் பஸ்மிலாவின் பிள்ளைப்பேற்றுக்காக அவள் ஒன்றரை மாதம் கொழும்பில் இருந்தாள். அந்த நேரம்தான் இந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து, பழைய ஊரைப் பார்க்க வேண்டும் என்று முத்தலிப்பைக் கூட்டிக்கொண்டு மலையடிவெட்டைக்குப் போயிருக்கிறது. வந்த பிறகு கேட்டதற்கு, “சும்மா இடத்தைக் காட்டினன்” என்று சொன்னார். அவ்வளவு தூரம் போனவர் சும்மா இடத்தை மட்டுமா காட்டியிருப்பார்?

களத்தில் வைக்கோல் கும்பம் கிடந்த இடத்தை மனதுக்குள் கொண்டுவந்து பார்த்தாள். வாசலுக்கு நேரே கிடந்தது. இருபது அடி இருக்கும். வைக்கோலை விலக்கிப் பார்த்திருந்தால் அவள் முகம் தெளிவாகத் தெரிந்திருக்கும். பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு முப்பத்திநாலு வருஷம் ஒரே பாயில் படுத்திருக்கிறார்.

“படம் எப்பிடி?” என்று முத்தலிப் கேட்டார். பேப்பரில் இருந்து தலையை எடுக்காமல் கேட்டார்.

“நீங்க ஏன் வரல்ல?”

“முழங்கால் உளையுதெண்டு சொன்னன்தானே.”

அடுத்த நாளே அந்த முழங்காலோடு சைக்கிள் மிதித்து வயலுக்குப் போனார். றஹீமா அதையும் மனதில் குறித்துக்கொண்டாள். போன் வந்தால் கேற்றடிக்குப் போய்க் கதைத்தார். முன்பும் அப்படித்தான் கதைப்பார். வீட்டுக்குள் சிக்னல் இல்லை. ஆனால் இப்போது அதைப் பார்க்க வேறு மாதிரி இருந்தது.

கமீலாவின் வீடு ஒரு மதிலுக்கு அந்தப் பக்கம். அபாயா தைப்பதுதான் அவள் தொழில். அதில்தான் மகள் ஹிமாயாவைப் படிப்பித்துக் கட்டிக் கொடுத்தாள். காலையில் பாத்திரம் கழுவும்போது தையல் மெஷின் சத்தம் இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருக்கும். படம் பார்த்துவிட்டு வந்து ஐந்து நாளாயிற்று. மெஷின் ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை முத்தலிப் ஜும்ஆவுக்குக் குளிக்கப் போன நேரம் றஹீமா அவருடைய போனை எடுத்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்த வாழ்க்கையில் புருஷனின் பொக்கெட்டைக்கூடத் தொட்டுப் பார்க்காதவள். றினோஸாவின் பெயர் மேலேயே கிடந்தது.

‘மாமா, மாமி அந்தக் கட்டத்தைப் பாத்திட்டு ஏதும் சொன்னாவா? எனக்குப் பயமா இரிக்கி.’

கீழே முத்தலிப்பின் பதில். ‘இன்னும் வாயே திறக்கல்ல. பொறுத்துப் பாப்பம்.’

றஹீமா போனை இருந்த இடத்தில் இருந்த மாதிரியே வைத்தாள். அடுப்பில் இறைச்சி அடிப்பிடித்த மணம் வரும்வரை அப்படியே நின்றாள்.

முத்தலிப் பள்ளியால் வந்து, சாப்பிட உட்கார்ந்து, இரண்டு பிடி சோறு வாயில் வைத்திருப்பார்.

“நீங்கதான் சொன்னீங்க” என்றாள்.

“என்னத்தை?”

“நடிக்காதீங்க. எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இவ்வளவு காலமும் என்ட கையால திண்டீங்க. வெளியில ஒரு பொம்புளைப் புள்ளைட்டச் சொல்ற நேரம் என்ட முகம் ஞாபகம் வரல்லயா?”

“றஹீமா, என்ன கதைக்கிறாய் எண்டு விளங்கல்ல.”

“நான் பரணைப் பாத்தத்தை! நஸீம் மேல இரிக்கிறத்தை என்ட கண்ணால காட்டிக் குடுத்தத்தை!”

முத்தலிப்பின் கை சோற்றுக் கோப்பையிலேயே நின்றுவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் றஹீமாவுக்குத் தான் செய்த காரியம் விளங்கியது. அந்த மனுஷனுக்கு ஒன்றுமே தெரியாது.

“நீயா பாத்தாய்?” என்றார் மெதுவாக. “நான் வைக்கலுக்குள்ள கண்ணை இறுக்கி மூடிட்டுக் கிடந்தன். காதுக்குள்ள வண்டு போனதுக்கும் அசையல்ல. எனக்கு என்ன தெரியும்?”

“அப்ப போன்ல? மாமி எண்டு எழுதினது?”

“அது கமீலாவைப் பத்தி. ஊரைப் பாத்திட்டு வந்து அந்தப் புள்ளையைக் கமீலாட்டக் கூட்டிட்டுப் போனன், ரெண்டு மணித்தியாலம் கதைச்சது. என்னை வெளிய போகச் சொல்லிட்டுக் கதைச்சாங்க. என்ன கதைச்சாங்க எண்டு ரெண்டு பேரும் எனக்குச் சொல்லல்ல. படத்தைப் பாத்துக் கமீலா உடைஞ்சி போவாளோ எண்டு அந்தப் புள்ளைக்குப் பயம்.”

றஹீமா சுவரோடு சாய்ந்து இருந்துவிட்டாள். அப்படியென்றால் கமீலா. பக்கத்தில் நின்றவள். தோளோடு தோள் உரச நின்றவள் பார்க்காமல் இருந்திருப்பாளா? தெரிந்துகொண்டே அடுத்த வீட்டில் இருந்திருக்கிறாள். தெரிந்துகொண்டே பெருநாளைக்குக் கறி வாங்கித் தின்றிருக்கிறாள். ஹிமாயாவின் கலியாணத்தில் மணப்பெண்ணை மேடைக்குக் கூட்டிப்போகத் தன்னைக் கூப்பிடாமல் முத்தலிப்பின் தங்கையைக் கூப்பிட்டது ஏன் என்று இப்போது விளங்கியது. போன நோன்புக்குத் தைத்துத் தந்த அபாயாவின் ஒரு கை நீளம் குறைந்திருந்ததுகூட வேண்டுமென்று செய்ததோ என்று பட்டது.

அஸர் தொழுதுவிட்டு மதில் இடைவெளியால் அந்தப் பக்கம் போனாள். கமீலா வெட்டு மேசைக்கு முன்னால் கறுப்புத் துணியை விரித்து வைத்துக்கொண்டு வெட்டாமல் இருந்தாள். றஹீமாவைக் கண்டதும் கத்தரியைக் கீழே வைத்தாள்.

“வருவாய் எண்டு தெரியும்” என்றாள்.

“நீதான் அந்தப் புள்ளைக்குச் சொன்னயா?”

“ஓம். பேரைப் போடாத, ஊரை மாத்து, ஆளை மாத்து எண்டு சொல்லித்தான் சொன்னன்.”

“எப்ப இரிந்து உனக்குத் தெரியும்?”

“அண்டைக்கு விடியக்காலையில இரிந்துதான். என்ட கண்தானே ராத்தா.”

றஹீமாவுக்கு விளங்கவில்லை. “என்ன சொல்றாய்?”

“அவன் கேட்டதும் என்ட கண் மேல போச்சி. நான் ஏவல்ல, அதுவாப் போச்சி. உடனே அவன் ஏணியைக் கேட்டான்.” கமீலாவின் குரல் உடையவில்லை. பல நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சு போல ஒரே சீராக வந்தது. “நீ பக்கத்தில நிண்டாய். நீ கண்டிரிப்பாய் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சன். நீ பெருநாளைக்குக் கறி தந்தாலும், என்ட புள்ளையைத் தூக்கினாலும், இவள் எல்லாம் தெரிஞ்சிக்கிட்டுத்தான் செய்றாள், ஒரு நாளைக்கிக் கேப்பாள் எண்டு பயந்து பயந்து இரிந்தன். கலியாண மேடைக்கும் அதுதான் உன்னைக் கூப்பிடல்ல. அந்த நேரம் உன்ட முகத்தைப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. கடைசியா அப்ப பொறந்தேயிராத அந்தப் புள்ளைட்டச் சொல்லிட்டன். படத்தில அதைப் பாத்ததும் நீ எழும்பி எனக்கு ஏசுவாய் எண்டு காத்துக்கிட்டு இரிந்தன். நீ ஒண்டும் சொல்லல்ல.”

றஹீமாவுக்கு அந்த இடத்தில் ஒரு வழி திறந்தே கிடந்தது. ‘போனது போகட்டும் புள்ள’ என்று தங்கையின் தலையைத் தடவிவிட்டுத் திரும்பியிருக்கலாம். முத்தலிப் வாய் திறக்க மாட்டார். ஒரு நிமிஷம் அவள் கை எழும்பவும் செய்தது.

“கமீலா,” என்றாள். “நானும் பாத்தன்.”

“எதை?”

“பரணை. நானும் மேல பாத்தன். என்ட கண்ணைத்தான் அவன் கண்டுட்டான் எண்டு நான் நினைச்சிட்டு இரிக்கன். இண்டைக்கும் அப்பிடித்தான்.”

அழுவாள் என்று நினைத்தாள். கட்டிப் பிடிப்பாள் என்றும் ஒரு மூலையில் நினைத்திருப்பாள். கமீலா அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வை மெல்ல மெல்ல மாறியதை றஹீமா கண் முன்னால் கண்டாள்.

“நான் பாத்தது, அவர் என்ட மாப்புள்ள. மேல இரிக்கிறவருக்கு என்ன ஆகுமோ எண்ட பயத்தில பாத்தன்” என்றாள் கமீலா. “நீ எதுக்குப் பாத்தாய்?”

“பயம்தான்.”

“உன்ட மாப்புள்ள வைக்கலுக்குள்ள இரிந்தார். பயந்தா உன்ட கண் அங்கதானே போகணும். ஏன் அங்க போகல்ல?”

இந்தக் கேள்வியை றஹீமாவும் தன்னிடம் கேட்டிருக்கிறாள். கேட்ட ஒவ்வொரு முறையும் பாதியில் எழும்பி வேறு வேலை பார்க்கப் போயிருக்கிறாள்.

“போ ராத்தா” என்றாள் கமீலா. “மஃரிபுக்கு முந்தி இதை வெட்டி முடிக்கணும்.”

மறுநாள் காலை கமீலா வீட்டைப் பூட்டிவிட்டு, நிந்தவூரில் இருக்கும் மகளிடம் போய்விட்டாள். மதில் இடைவெளியில் ஒரு பழைய பலகை சாத்தியிருந்தது. முத்தலிப்பும் முன்பு போல இல்லை. ஒரு நாள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர், “என்னைக் காப்பாத்தத்தானா அப்பிடிப் பாத்தாய்?” என்று கேட்டார். றஹீமாவுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. “எனக்கு எப்பிடித் தெரியும்? அந்த நேரம் யோசிச்சா பாத்தன்?” என்று கத்தினாள். அவர் பிறகு கேட்கவில்லை. ஆனால் சோற்றை அளைந்துவிட்டு மிச்சம் வைப்பது பழக்கமாயிற்று.

பதினோராம் நாள் கமீலா வந்தாள். பலகையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வந்து குசினி வாசலில் நின்றாள்.

“ஒண்டு கேக்கன். அல்லாஹ்வுக்காக உண்மையைச் சொல்லு. நீ பாத்தது எனக்கு முந்தியா, பிந்தியா?”

றஹீமா அடுப்பை அணைத்தாள். முந்தி என்று சொன்னால் தங்கையின் பாரம் இறங்கும். பிந்தி என்று சொன்னால் தன்னுடையது. அந்த வாசலை எவ்வளவு கொண்டுவந்து பார்த்தும், நாய்ச் சத்தமும் அவனுடைய சேறு பிடித்த சப்பாத்தும்தான் தெரிந்தன. கமீலாவின் முகம் அதில் இல்லவே இல்லை.

“முந்தி” என்றாள்.

“உண்மையாவா, எனக்காகவா?”

“தெரியா கமீலா. முந்தி எண்டுதான் சொல்லத் தோணுது.”

கமீலா உள்ளே வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். “தேத்தண்ணி இரிக்கா?” என்று கேட்டாள். றஹீமா ஊற்றிக் கொடுத்தாள். கமீலா ஊதி ஊதிக் குடித்து முடித்தாள்.

“மௌத்தானவங்களுக்கு ஓதுற கத்தத்தை அவருக்கும் ஓத வேணும்” என்றாள். “வருவார் வருவார் எண்டு நான்தான் இவ்வளவு காலமும் ஓத விடல்ல. வாற வெள்ளி ஓதுவம். நீ என்ட பக்கத்தில இரி.”

“ஏன் புள்ள?”

“உன்ட முகத்தை எனக்குப் பாக்கணும்.”

வெள்ளிக்கிழமை கமீலாவின் வீட்டில் பாய் விரித்து ஓதினார்கள். ஹிமாயா நிந்தவூரிலிருந்து வந்து வட்டிலப்பம் அவித்தாள். றஹீமா தங்கைக்குப் பக்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். துஆவில் நஸீமின் பெயரைச் சொன்னபோது அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். கமீலா இரு கையையும் ஏந்தியபடி, கண் இமைக்காமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.