ஆல்டர்பியின் பன்னிரண்டு பெண்கள்

வெண்பாவைப் பள்ளியில் விட்டு வந்ததும் கலாவதி சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அச்சுப் பக்கங்களின் கட்டை எடுத்து வைப்பாள். வரி வரியாகப் படிக்க வேண்டும். ஒரு பெயர் வந்தால் அட்டையில் எழுதிப் பக்க எண்ணைப் போட வேண்டும். அட்டைகள் சேர்ந்து புத்தகத்தின் கடைசியில் வரும் பெயரடைவாகும். கோயம்புத்தூரில் படித்த ஆங்கில எம்.ஏ.வுக்கு அமெரிக்காவில் கிடைத்த வேலை அது.

எதிர் வீட்டு ஷ்யாமளா காப்பிக்கு வந்தாள். மெட்ராஸ்காரி. கணவனுக்குக் குபெர்டினோவில் வேலை.

"இதெல்லாம் கம்ப்யூட்டரே பண்ணிடாதோ?"

"பேர் எங்க இருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லும். அது எந்த ஹென்றின்னு சொல்லாது. இதுல பதினோரு ஹென்றி இருக்காங்க."

"எங்காத்துலயும் அப்படித்தான். நாலு ராமசுப்ரமணியன். ஒருத்தனைக் கூப்பிட்டா நாலு பேர் வருவா."

இந்த முறை வந்திருந்த புத்தகம் ஆல்டர்பி என்ற ஏர்ல் பட்டத்தின் வரலாறு. ஏர்ல் என்பது இங்கிலாந்து ராஜா கொடுக்கும் பட்டம். அந்தக் காலத்தில் அதனோடு நிலமும் கோட்டையும் சேர்ந்து வரும். ஆல்டர்பி பட்டம் மூன்று குடும்பங்களின் கையில் இருந்தது. முதல் குடும்பம் நார்மண்டியிலிருந்து ராஜாவோடு கப்பலில் வந்தது. அதன் நான்காவது ஏர்லுக்கு மூன்று பெண்கள். அவரோடு பட்டம் அற்றுப்போயிற்று. நிலத்தை மருமகன்கள் பிரித்துக்கொண்டார்கள். இரண்டாவது குடும்பத்துக்குப் பட்டத்தைக் கொடுத்த ராஜா எச்சரிக்கையாக எழுதினான். ஆண் வாரிசுகளுக்கு மட்டும். மூன்றாவது குடும்பம் பட்டத்தைப் பணம் கொடுத்து வாங்கியது. அதுவும் முடிந்தது. இன்று அந்தப் பெயரில் ஒரு மதுக்கடை மிச்சமிருப்பதாக முன்னுரை சொன்னது.

கலாவதிக்கு நான்காவது மாதம்.

அவள் கணவன் திருமூர்த்தியின் வீட்டை உடுமலைப்பேட்டைப் பக்கம் பெரிய வீடு என்பார்கள். குலக்கோயில் பொங்கலில் முதல் மாலை அந்த வீட்டு ஆணின் கழுத்தில் விழும். திருமூர்த்தியின் அண்ணன் மயில்சாமிக்கு இரண்டு பெண்கள். அண்ணிக்குக் கர்ப்பப்பையை எடுத்தாயிற்று. இங்கே வெண்பா. ஏழு வயது.

மாமனார் பசுபதி போனில் எதையும் கேட்பதில்லை. "ஒடம்பைப் பாத்துக்க அம்மிணி" என்பார். பிறகு மகனைக் கூப்பிடச் சொல்வார். திருமூர்த்தி போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போவான். "சரிங்கப்பா" என்பது மட்டும் கேட்கும்.

திருமூர்த்தி கெட்டவன் அல்ல. பாத்திரம் கழுவுவான். வெண்பாவுக்குத் தலை பின்னிவிடுவான். அவள் பிறந்தபோது பிரசவ அறையில் அழுதான். ஏன் அழுதான் என்று கலாவதி கேட்டதில்லை.

மார்ச் மாதம் ஒரு மாலை அவன் இந்தியன் ஸ்டோரிலிருந்து பருப்போடு ஓர் இலவசப் பத்திரிகையும் கொண்டுவந்தான். நான்காக மடித்திருந்தான்.

"ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துரலாமா?"

"இருபதாவது வாரம் எடுக்கறேன்னு டாக்டரே சொல்லியிருக்காங்களே."

"அது அவங்க எடுக்கறது. இது சும்மா. தெரிஞ்சுக்கத்தான்."

"என்ன தெரிஞ்சுக்க?"

"கை காலு நல்லா இருக்குதான்னு. சனிக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டேன்."

அவன் குளிக்கப் போனதும் பத்திரிகையைப் பிரித்தாள். ஒரு கிளினிக்கின் விளம்பரம். ஆணா பெண்ணா, முன்கூட்டியே அறியுங்கள் என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே சிரிக்கும் குழந்தை. குழந்தைக்கு நீலத் தொப்பி.

மறுநாள் ஷ்யாமளாவிடம் காட்டினாள். ஷ்யாமளா காப்பியைக் கீழே வைத்தாள்.

"இங்க போறவா எல்லாருமே சும்மா தெரிஞ்சுக்கத்தான் போறா, கலா. என் சிநேகிதி ஒருத்தி போனா. ரெண்டாவதும் பொண்ணு. பதினஞ்சு நாள் கழிச்சுப் பாக்கறேன், வயித்தைக் காணோம். மிஸ்கேரேஜ்ங்கறா. நான் என்ன கேக்கறது? ஹார்லிக்ஸ் வாங்கிண்டு போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"இவரு அப்படியெல்லாம் சொல்ல மாட்டாரு."

"அவ ஆம்படையானும் ஒண்ணும் சொல்லலை."

அந்த வாரம் அவள் ஆறாவது ஏர்லின் அத்தியாயத்தில் இருந்தாள். இரண்டாவது குடும்பம். ஏர்ல் படையோடு பிரான்சுக்குப் போய் வயிற்றுப்போக்கில் செத்தான். அவன் மனைவி மார்ஜரிக்குப் பத்தொன்பது வயது. குழந்தை கிடையாது. சாவுச் செய்தி வந்த பிறகு தான் கர்ப்பம் என்றாள். பட்டத்துக்குக் காத்திருந்தவன் ஏர்லின் தம்பி தாமஸ். அண்ணி பொய் சொல்கிறாள் என்று அவன் எங்கும் சொல்லவில்லை. ராஜாவுக்கு விண்ணப்பம் போட்டான். உண்மை தெரிந்தால் போதும் என்றான்.

ராஜா மாவட்ட அதிகாரிக்கு உத்தரவு போட்டான். நம்பத் தகுந்த பன்னிரண்டு கல்யாணமான பெண்களை அனுப்பி மார்ஜரியின் மார்பையும் வயிற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு சட்டம் இருந்தது. பெண்கள் போனார்கள். பார்த்தார்கள். கர்ப்பம்தான் என்றார்கள். பிறகு மார்ஜரியை ஒரு கோட்டையில் வைத்துப் பூட்டினார்கள். வேறொருத்தியின் ஆண் குழந்தையை யாரும் உள்ளே கொண்டுவந்துவிடாதபடி பிரசவம்வரை காவல் இருந்தது.

பன்னிரண்டு பெண்களின் பெயர்களும் புத்தகத்தில் இருந்தன. ஓர் ஆலிஸ் ஆலைக்காரன் மனைவி. ஒரு ஜோன் வண்டிக்காரன் விதவை. கலாவதி ஒவ்வொருத்திக்கும் ஓர் அட்டை எழுதினாள். எல்லோரும் பெற்றவர்களாக இருந்திருப்பார்கள். படுக்கையைச் சுற்றி நின்றபோது என்ன பேசினார்கள் என்று எழுதவில்லை. கை குளிர்ந்திருந்ததா என்று எழுதவில்லை.

மார்ஜரிக்குப் பெண் பிறந்தது. அதே வாக்கியத்தின் பின்பாதியில் தாமஸ் ஏழாவது ஏர்ல் ஆனான். அடுத்த பத்தி அவன் மாளிகைக்குப் போட்ட ஓக் மரக் கூரையைப் பற்றியது.

கலாவதி அடிக்குறிப்பைப் பார்த்தாள். பின்னிணைப்பில் வம்சாவளியைப் பார்த்தாள். மார்ஜரியின் பெயருக்குக் கீழே கோடு இல்லை. பதிப்பகத்து எடிட்டருக்குப் போன் செய்தாள். அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று? ஆவணம் அதோடு நின்றுவிடுகிறது என்றார் எடிட்டர். பெயர் இல்லாதவர்களுக்கு அட்டை தேவையில்லை என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

சனிக்கிழமை வெண்பாவை ஷ்யாமளா வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். எல் கமினோ சாலையில் டோனட் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே கிளினிக். காத்திருந்தவர்களில் இரண்டு இந்தியத் தம்பதிகள். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ஸ்கேன் எடுத்தவர் பிலிப்பைன்ஸ்காரப் பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். வயிற்றில் ஜெல்லைத் தடவினார். குளிர்ந்தது. திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ நகர்ந்தது. இதயம் என்று காட்டினார். முதுகெலும்பு. இரண்டு கைகள். இரண்டு கால்கள். பிறகு கருவியை ஓரிடத்தில் நிறுத்திக்கொண்டு கேட்டார்.

"டூ யூ வான்ட் டு நோ?"

"யெஸ்" என்றான் திருமூர்த்தி.

அவர் அவனைப் பார்க்கவில்லை. "மாம்?"

கலாவதி திரையைப் பார்த்தாள். தெரிந்தவர்களுக்குத்தான் அதில் தெரியும்.

"நோ" என்றாள்.

"ஷீ இஸ் நர்வஸ்" என்று திருமூர்த்தி சிரித்தான். "ப்ளீஸ் டெல் அஸ்."

பெண்மணி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "இட்ஸ் ஹெர் ரிப்போர்ட், சார்." ஜெல்லைத் துடைத்துவிட்டார். வேண்டுமானால் திங்கட்கிழமை கூப்பிடலாம் என்று கலாவதியிடம் சொன்னார்.

கார் சாலைக்கு வந்ததும் அவன் ஆரம்பித்தான்.

"என்ன பண்ணிட்டே கலா? ஒரு வார்த்தை. கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சு என்னங்க பண்ணோணும்?"

"ப்ரிப்பேர் பண்ணத்தான். பேரு, ரூமு, துணிமணி."

"பொண்ணுன்னா என்ன ப்ரிப்பேர் பண்ணுவீங்க?"

சிக்னல் பச்சையாயிற்று. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

"சொல்லுங்க."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"அதனாலதான் கேக்கறேன்."

"அப்பாவுக்கு எழுபத்தி நாலு வயசு கலா."

"அவரு வயசைக் கேக்கலைங்க."

"நீ சண்டை போடறதுக்குன்னே பேசறே." ரேடியோவைப் போட்டான். ட்ராஃபிக் நிலவரம் சொன்னார்கள். எங்கோ ஒரு ஃப்ரீவேயில் லாரி கவிழ்ந்திருந்தது.

ஞாயிறு அவன் வீட்டுக் கம்பளம் முழுவதையும் வாக்வம் செய்தான். அவளை உட்கார் என்றான். மாதுளை உரித்துக் கொடுத்தான்.

திங்கட்கிழமை அவள் கிளினிக்கைக் கூப்பிட்டாள். பெயரும் பிறந்த தேதியும் கேட்டார்கள். பிறகு அந்தப் பெண்மணி வந்தார்.

"இட்ஸ் எ கேர்ல், ஹனி. எவ்ரிதிங் லுக்ஸ் குட்."

நன்றி சொல்லிப் போனை வைத்தாள். அன்று ஒரு பக்கமும் படிக்கவில்லை. வெண்பாவை அழைத்துவரச் சீக்கிரமே போய்ப் பள்ளி வாசலில் காருக்குள் உட்கார்ந்திருந்தாள்.

வெண்பா ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். "அம்மா, வென் இஸ் தம்பி கமிங்?"

"தம்பின்னு யாரு சொன்னா?"

"தாத்தா. ஆன் தி போன். ஹீ ஸெட் தம்பி வந்தாத்தான் வீடு நிறையும்."

"நீ என்ன சொன்னே?"

"ஐ ஸெட் ஓகே." சன்னலுக்கு வெளியே பார்த்தாள். "பட் வீ லிவ் இன் எ ஸ்மால் அபார்ட்மென்ட்."

திருமூர்த்தி ஏழு மணிக்கு வந்தான். வெண்பா உள்ளறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றினான்.

"பொண்ணு" என்றாள் கலாவதி.

கை இன்னொரு ஷூவின் முடிச்சில் நின்றது.

"கால் பண்ணியா?"

"ஆமாங்க."

"ஸ்யூராச் சொன்னாங்களா? சில சமயம் தப்பாக்கூட..."

"கை காலு நல்லா இருக்குதாம். அதுக்குத்தான போனோம்."

அவன் தலையைத் தடவிக்கொண்டான்.

"அப்பாகிட்ட இன்னும் தெரியலைன்னு சொல்லிக்கலாம். கொஞ்சம் டைம் எடுத்து யோசிப்போம்."

"எதை யோசிக்கறது?"

"உன்ற ஒடம்பையும் பாக்கோணுமல்ல. வெண்பா இருக்கறா. உனக்கு வேலை வேற. ரெண்டைச் சமாளிக்க..."

"பையனா இருந்திருந்தாலும் ரெண்டுதானுங்களே."

அவன் கழற்றிய ஷூவை நாற்காலிக்கு அடியில் தள்ளினான்.

"அந்த வார்த்தையை ஒருக்காச் சொல்லிருங்க. நீங்க சொல்லிட்டா நான் பதில் சொல்லிருவேன். சொல்லாத பேச்சுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நான் உன்னை எதுக்காச்சும் கம்பெல் பண்ணேனா?"

"இல்லைங்க. யாருமே பண்ணலை."

அவள் ஊருக்குப் பேசும் காலிங் கார்டை எடுத்தாள். நீண்ட எண்ணை அழுத்தினாள். அவன் எழுந்தான். "கலா, வேண்டாம். இப்ப வேண்டாம்." அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள். ஊரில் மறுநாள் காலை. மாமனார்தான் எடுத்தார்.

"மாமா, கலா பேசறனுங்க."

"என்ன அம்மிணி, செவ்வாக்கிழமை கூப்படறே? ஒடம்பு கிடம்பு..."

"நல்லா இருக்கறனுங்க. ஸ்கேன் எடுத்தோமுங்க. பொண்ணுங்க மாமா."

லைனில் அவள் குரலே ஒருமுறை திரும்பி வந்தது. பொண்ணுங்க மாமா. பிறகு அவர் மூச்சு.

"செப்டம்பர்ல பொறக்குமுங்க. அத்தையை ஆகஸ்ட்லயே அனுப்பி வெச்சீங்கன்னா எனக்கு ஒத்தாசையா இருக்கும். விசாவுக்கு இப்பவே போட்டாத்தான் ஆகும். பேப்பரெல்லாம் இவரு அனுப்பி வெப்பாருங்க."

எங்கோ ஒரு மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"அவன் இருக்கறானா?"

"இருக்கறாருங்க."

"குடு."

கொடுத்தாள். திருமூர்த்தி நின்றபடி வாங்கினான். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் சாக்ஸ். அவள் தள்ளிப் போகவில்லை. அவனையும் போகவிடாமல் எதிரிலேயே நின்றாள்.

"ஆமாங்கப்பா" என்றான். பிறகு, "இல்லைங்கப்பா." நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். "சரிங்கப்பா" என்றான். மறுபடியும், "சரிங்கப்பா."

போனை மேசைமேல் வைத்தான்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை."

"நீங்க எதுக்குச் சரின்னீங்க?"

அவன் சுவரைப் பார்த்தான். உள்ளறையில் டிவியில் யாரோ சிரித்தார்கள். வெண்பாவும் சிரித்தாள்.

"அத்தை வந்தாலும் சரி, வராட்டியும் சரி. செப்டம்பர்ல பொறக்கும்" என்றாள் கலாவதி. "நீங்க இருந்தாலும் இல்லாட்டியும் பொறக்கும். உங்களுக்கு யோசிக்க டைம் வேணும்னா எடுத்துக்கங்க. அதுவரைக்கும் எனக்கு மாதுளை உரிக்க வேண்டாம்."

அவள் அடுப்பைப் பற்றவைத்துத் தோசைக்கல்லைப் போட்டாள். வெண்பாவைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

திருமூர்த்தி நாற்காலியில் உட்கார்ந்தான். கழற்றிய ஷூவை எடுத்து மறுபடியும் மாட்டி முடிச்சுப் போட்டான். எழுந்து போகவில்லை. இரண்டு கால்களிலும் ஷூவோடு அப்படியே உட்கார்ந்திருந்தான்.