நாலு மாதம் அடி படக்கூடாது

பிச்சாட்டூரில் பஸ் ஏறியதிலிருந்து சந்திரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேதான் வந்தாள். திருப்பதியில் பல் மருத்துவமனையின் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை. மேல்வரிசையில் முன்பல் மூன்று இல்லை.

மகள் பிரேமலதாவைப் பெண் பார்க்கத் தை மாதம் காளஹஸ்தியிலிருந்து வருகிறார்கள். ஓட்டை வாயோடு தாம்பூலத் தட்டு மாற்றினால் சம்பந்தி வீட்டார் கேட்கமாட்டார்களா? பல்செட் ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும், தாடையில் ஸ்க்ரூ வைக்கிற இம்ப்ளாண்ட்தான் சரி என்று மகன் ஜெயச்சந்திரன் முடிவு செய்தான். ஸ்ரீபெரும்புதூர் செல்போன் கம்பெனியில் லீவு போட்டுவிட்டு அழைத்து வந்திருந்தான்.

டாக்டர் நீரஜா எக்ஸ்ரேயைப் பார்த்தார். "பல்லு எப்படிம்மா போச்சு?"

"மோட்டார் கொட்டாய்ல வழுக்கி விழுந்துட்டாங்க மேடம்" என்று மகன் முந்திக்கொண்டான்.

மோட்டார் கொட்டகை என்ன பாவம் செய்ததோ, அந்த ஊரில் பெண்கள் வாங்கும் அடியெல்லாம் அதன் தலையில்தான் எழுதப்படும். அவள் புருஷன் பாலையா குடித்துவிட்டு அடிப்பது தெருவுக்கே தெரியும். மூன்று பல்லும் மூன்று தடவையாகப் போனதும் தெரியும். ஒருத்தராவது கேட்டார்களா? புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"இன்னிக்கு ஸ்க்ரூ வெச்சிடலாம்" என்றார் டாக்டர். "அதை எலும்பு கெட்டியா பிடிச்சுக்க நாலு மாசம் ஆகும். அப்புறம்தான் மேல பல்லு. அதுவரைக்கும் அந்த இடத்துல அடி படக்கூடாது. பட்டா எல்லாம் வேஸ்ட்டு."

சந்திரம்மா முந்தானையை எடுத்தாள். "நாலு மாசமா?"

"ஆமாம்மா. ஜாக்கிரதையா இருந்துக்கோங்க."

"நான் ஜாக்கிரதையா இருந்து இன்னாம்மா பண்றது? அத எங்க ஊட்டுக்காரர்கிட்ட சொல்லணும். நாலு நாளு சேர்ந்தாப்ல சும்மா வுட்டதில்ல அந்த ஆளு."

ஜெயச்சந்திரனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "கம்முனு இரும்மா. வெளிய சொல்ற விஷயமா இது?"

"நீ பாத்துக்கினுதானடா இருந்த" என்றாள் சந்திரம்மா. குரலை உயர்த்தவில்லை. "மொதோ பல்லு போனப்ப உனக்குப் பத்து வயசு. பாயில கண்ண மூடிக்கினு கெடந்த. ரெண்டாவதுக்கு ஐடிஐ போய்க்கினு இருந்த. போன வருசம் மூணாவது போச்சு, சம்பாரிக்கிற ஆம்பள நீ. ஊட்டுக்கு வர்றவங்க கேப்பாங்களேன்னு இப்ப இட்டுக்கினு வந்த. வலிக்குதான்னு ஒருநாளு கேட்டியாடா?"

ஜெயச்சந்திரனுக்கு அந்தப் பாயும், மூடிய கண்ணுக்குள் கேட்ட சத்தமும் நினைவுக்கு வந்தன. வெட்கத்தில் உடம்பு கூசியது.

"அடி நிக்காம நான் ஸ்க்ரூ வைக்கமாட்டேன்" என்று டாக்டர் எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டார்.

"வேணாம் மேடம்" என்றான் அவன். "மொதல்ல போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறோம். அம்மாவையும் தங்கச்சியையும் என்கூட இட்டுக்கினு போயிடறேன். சம்பந்தம் நின்னா நிக்கட்டும்." குனிந்து அம்மாவின் செருப்பை நாற்காலியருகே எடுத்து வைத்தான். "அடிச்சது எங்க நைனா. ஆனா பாத்துக்கினு கம்முனு இருந்தேனே, அதுவும் அடிச்சதுதான் மேடம். அடிய நிறுத்தாம அடையாளத்த மறைக்க வந்தேன் பாருங்க."

சந்திரம்மா நாற்காலியிலிருந்து இறங்கிச் செருப்பை மாட்டினாள்.

"இத்தச் சொல்றதுக்கு உனக்கு என் மூணு பல்லு ஆச்சேடா" என்றாள்.