எதிர்பார்த்த விளைவு

மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவது என்றுதான் வேதாவுக்குத் தெரியவில்லை.

முதல் இரண்டையும் நிரப்பிவிட்டாள். ‘என்ன செய்தீர்கள்’ என்ற கட்டத்தில்: முதல் பாகத்தில் வடக்குச் சுங்கச்சாவடியில் தோமிலிடம் ‘வருவேன்’ என்று சொன்னேன், மூன்று பாகங்களையும் முடித்தேன். ‘என்ன நடந்தது’ என்ற கட்டத்தில்: ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது கட்டம், ‘எதிர்பார்த்த விளைவு’. கர்சர் அங்கே விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.

நாவலூரில் ஆறாவது மாடியில் அந்த அலுவலகம். எட்டுப் பேர் காலை பத்திலிருந்து மாலை ஏழு வரை வீடியோ கேம் விளையாடுவார்கள். கேட்பவர்களுக்குப் பொறாமையாக இருக்கும். ஊரப்பாக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அம்மா ‘டெஸ்டிங்ல இருக்கா’ என்று மட்டும் சொல்லிவைத்திருந்தாள். உண்மையில் ஒரே கதவை இருநூறு முறை திறந்து மூடும் வேலை அது. நூற்று எண்பதாவது முறை கதவு திறக்காமல் போனால் டிக்கெட் போட வேண்டும். டிக்கெட் என்றால் பிழை அறிக்கை. அதில் மூன்று கட்டங்கள்.

ஏதோ ஒரு குளிர்நாட்டு நிறுவனம் பத்து வருடங்களாகச் செய்துவந்த ‘சாம்பல் சாலை’யின் கடைசிப் பாகம் அடுத்த மாதம் வெளியாகிறது, முதல் இரண்டு பாகங்களும் சேர்ந்து ஒரே தொகுப்பாக. அதில் நீங்கள் ஒரு வழிப்போக்கர். மண்ணுக்கடியில் எரியும் நெருப்பு ஊர் ஊராகத் தின்றுகொண்டு வருகிறது. அதை அணைக்கப் போகிறீர்கள். போகிற வழியில் யாரிடம் என்ன சொன்னீர்கள், யாருக்கு உதவினீர்கள், யாரைக் கைவிட்டீர்கள் என்பதெல்லாம் சேவ் கோப்பில் பதிந்து அடுத்த பாகத்துக்கும் கூடவே வரும். முடிவுகள் நான்கு. நான்கும் பிரமாதம். நெருப்பு அணையும் காட்சியை வேதா அறுபது முறையாவது பார்த்திருப்பாள்.

தோமில் கதையில் முக்கியமான ஆளே இல்லை. முதல் பாகத்தில் ஐந்து நிமிடம் வருகிறான். பனி கொட்டுகிறது, உங்களிடம் சுங்கம் கட்டக் காசில்லை, அவன் கதவைத் திறந்துவிட்டுத் தன் விளக்கையும் கொடுக்கிறான். “திரும்பி இந்த வழியாத்தானே வருவீங்க?” என்று கேட்கிறான். இரண்டு பதில்கள் இருக்கும்: ‘வருவேன்’, ‘தெரியாது’. அடுத்த காட்சியில் பாலம் உடைந்துவிடும். திரும்பிப் போக வழியே இல்லை.

பிளஸ் ஒன் விடுமுறையில் சேலையூர் சித்தி வீட்டில் இதை விளையாடியபோது வேதா ‘வருவேன்’ என்றாள். யோசிக்கக்கூட இல்லை. கல்லூரியில் இரண்டாம் பாகம் விளையாடும்போது ஒரு வியாபாரி போகிறபோக்கில் சொன்னான்: “வடக்குச் சாவடியில ஒருத்தன் யாருக்காகவோ தினமும் விளக்கு ஏத்தி வைக்கிறானாம்.” அப்போது அவள் கையிலிருந்த முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். இப்போது மூன்றாம் பாகம். கடைசி மலையின் விளிம்பில் நின்று வடக்கே பார்த்தால், ரொம்ப தூரத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி தெரிகிறது. சாவடி விளக்கு. அவ்வளவுதான். நான்கு முடிவுகளில் ஒன்றில்கூட அவன் பெயர் வரவில்லை. நெருப்பு அணைகிறது, மக்கள் அழுகிறார்கள், ஆட்டத்தைச் செய்தவர்களின் பெயர்கள் ஓடுகின்றன, அந்தப் புள்ளி அங்கேயே இருக்கிறது.

“இன்னும் அனுப்பலியா நீ?” பக்கத்து இருக்கையிலிருந்து ஸஹானா எட்டிப் பார்த்தாள். “அவன் என்ன உனக்கு அத்தை பையனா? வருவேன்னு சொல்லிட்டாளாம், வரலியாம்.”

“சும்மா இருடி.”

“நான் சும்மாதான் இருப்பேன். வெள்ளிக்கிழமை நீதான் சும்மா இருக்க மாட்டே. இன்வேலிட் எத்தனை ஆச்சு உனக்கு?”

நாலு. அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமையோடு எட்டுப் பேருக்கும் ஒப்பந்தம் முடிகிறது. அடுத்த ஆட்டத்துக்கு மூன்று பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள். நீங்கள் அனுப்பிய பிழை உண்மையில் பிழையே இல்லையென்றால் அந்த நிறுவனத்திலிருந்து ‘இன்வேலிட்’ என்று திருப்பி அனுப்புவார்கள். அது நாலைத் தாண்டினால் பட்டியலில் பெயர் வராது. வேதாவின் நாலில் ஒன்று, புருஷன் செத்த செய்தி கேட்டும் அழாத பெண்ணைப் பற்றியது. ‘அவள் சுபாவம் அப்படி’ என்று பதில் வந்திருந்தது.

டீம் லீட் வைத்தீஸ்வரன் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் படித்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர் என்பதாலேயே அவர் பின்னால் வந்து நின்றால் எழுதியதை மறைக்கத் தோன்றும்.

“இது ரிவ்யூ வேதா, பக் இல்ல. ரிவ்யூ எழுதறதுக்கா நமக்கு சம்பளம் குடுக்கறாங்க?”

“ரெண்டாவது பார்ட்ல ஞாபகம் இருக்கு சார். மூணாவதுல இல்ல. அப்போ பக்தானே?”

“போயிட்டு வரேன்னு சொல்றவங்க எல்லாரும் திரும்பி வராங்களா? நான் எங்க மாமனார் வீட்ல தினம் சொல்றேன்.” ஸஹானா சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. “அனுப்பாதேன்னு சொல்ல மாட்டேன். உன் நம்பர் உனக்குத் தெரியும். அவ்வளவுதான்.”

அவர் போனதும் மூன்றாவது கட்டத்தில் ஒரு பத்தி எழுதினாள். நல்ல முடிவு என்பது நெருப்பு அணைவது மட்டுமல்ல என்று ஆரம்பித்தது. அழித்தாள். இன்னொரு பத்தி எழுதினாள், அதில் ‘மனித’ என்ற சொல் மூன்று முறை வந்தது. அதையும் அழித்தாள். கடைசியில் ஒரே வரி: ‘வருவேன் என்று சொன்னது, மூன்றாம் பாகத்தில் எங்காவது ஓரிடத்தில் யாருக்காவது நினைவிருக்க வேண்டும்.’ அனுப்பிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை, மணி மூன்றரை.

தாம்பரம் போகும் வேனில் மேடவாக்கம் தாண்டும் வரை பதினோரு முறை மெயில் பார்த்தாள். வீட்டில் அம்மா புளிக்குழம்பை ஊற்றிக்கொண்டே, “வெள்ளிக்கிழமை என்ன கிழமைடி, லிஸ்ட் வருமா?” என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதாம்மா என்று சொல்லி இருவரும் சிரித்தார்கள். அதன் பிறகு வேதாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் இந்த வருடத்தோடு அவளை நிறுத்தப்போகிறார்கள். அதைப் பற்றி இருவருமே பேசுவதில்லை.

புதன்கிழமை மதியம் பதில் வந்தது. இன்வேலிட் இல்லை. ‘சரிசெய்யப்பட்டது. புதிய பில்டில் சோதித்து மூடவும்.’

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். ஸஹானா அவள் முதுகில் ஒன்று போட்டாள். “பரவால்ல, உன் ஆளு பொழச்சுட்டான்.” புதிய பில்ட், அதாவது திருத்திய ஆட்டம், இறங்க நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் என்ன வைத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். ஒரு கடிதமாக இருக்கலாம். ஒரு வியாபாரி மறுபடியும் வந்து ஏதாவது சொல்லலாம்.

முதல் பாகத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று குறிப்பில் இருந்தது. தொடங்கினாள். பனி. சாவடி. தோமில் கதவைத் திறந்தான், விளக்கைக் கொடுத்தான். “திரும்பி இந்த வழியாத்தானே வருவீங்க?”

ஒரே ஒரு பதில்தான் இருந்தது. ‘தெரியாது.’

மறுபடியும் ஆடிப் பார்த்தாள். ‘தெரியாது.’ வேறு சேவிலிருந்து, வேறு மொழியில், வேறு வழிப்போக்கனாக. ‘தெரியாது.’ தோமில் தலையாட்டிவிட்டு உள்ளே போனான். மூன்றாம் பாகத்தில் மலை விளிம்புக்கு வந்து வடக்கே பார்த்தாள். இருட்டு. விளக்கே இல்லை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை, அதனால் யாரும் காத்திருக்கவும் இல்லை. சுத்தமான வேலை. அரை மணி நேரத்தில் முடித்திருப்பார்கள்.

அவளுடைய டிக்கெட்டால் வந்தது இது. வாயை மூடிக்கொண்டிருந்தால் புள்ளி அளவுக்காவது இருந்திருப்பான்.

“மூடிட்டுப் போடி,” என்றாள் ஸஹானா. இப்போது அவள் குரலில் கேலி இல்லை. “நாலுல நிக்குது. நாளன்னிக்கு லிஸ்ட். அம்மாவை நெனச்சுக்கோ.”

வேதா நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். ‘மூடு’ பொத்தான் பச்சையாக இருந்தது. அன்று அழுத்தவில்லை. வியாழக்கிழமை காலை வந்ததும் பழைய சேவ்கள் வைத்திருக்கும் பொதுக் கோப்புறையைத் திறந்தாள். எட்டு வருடத்துக்கு முன்னால் ஆடியவர்களுடையது. அதில் ஒன்றைப் புதிய பில்டில் ஏற்றி மூன்றாம் பாகத்துக்குப் போனாள். மதியம் சாப்பிடாமல் மலை விளிம்பு வரை ஆடினாள். வடக்கே பார்த்தாள்.

புள்ளி இருந்தது.

ஏற்கெனவே சொல்லிவிட்டவர்களிடமிருந்து அதைப் பிடுங்க அவர்களால் முடியவில்லை. மறுபடியும் ஆடிச் சரிபார்த்தாள். அவசரத்தில் ஒருமுறை வழிப்போக்கன் மலையிலிருந்து விழுந்து செத்தான். பிறகு ‘மீண்டும் திற’ என்ற பொத்தானை அழுத்தி, படத்தை இணைத்து, மூன்றாவது கட்டத்தில் எழுதினாள்: ‘பழைய சேவ் உள்ளவர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். அவர் இன்னும் விளக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஏதாவது நடக்க வேண்டும்.’

கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினாள். திரும்பி வந்தபோது ஸஹானா அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் டப்பாவிலிருந்து பாதி எலுமிச்சை சாதத்தை இவள் பக்கம் தள்ளினாள்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு பதில் வந்தது. இன்வேலிட். ‘மிகச் சில ஆட்டக்காரர்களையே பாதிக்கும்.’ ஐந்து. ஐந்தரைக்குப் பட்டியல் வந்தது. ஸஹானா பெயர் இருந்தது. வைத்தீஸ்வரன் வேதாவை மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். “எட்டுப் பேர்ல கண்ணு உனக்குத்தான் நல்லா இருக்கு. ஆனா நம்பர் என் கையில இல்ல.”

“தெரியும் சார்.”

“அனுபவச் சான்று நல்லா எழுதிக் குடுக்கறேன்.”

அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னாள். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. “சரி. வேற பார்க்கலாம்,” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தக் கதவுக்காரன் என்ன ஆனான்?” என்று கேட்டாள். அம்மாவுக்கு அந்தக் கதை இவ்வளவு தெரிந்திருக்கும் என்று வேதா நினைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தாள். படப்பையில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் மூன்று மணிக்கு நேர்காணல். தாம்பரம் போய் பஸ் பிடிக்க வேண்டும். சான்றிதழ் கோப்பின் உறை கையில் வேர்த்து ஒட்டியது. என்ன கேட்பார்கள் என்று தெரியவில்லை, போன வேலையை ஏன் விட்டாய் என்று நிச்சயம் கேட்பார்கள். போன் அடித்தது. ஸஹானா.

“எங்கடி இருக்கே? மெதுவாத்தான் பேசுவேன். சார் சாப்பிடப் போயிருக்காரு. வெளி ஆளுங்ககிட்ட இதெல்லாம் சொல்லவே கூடாது.”

“அப்போ ஏன் போன் பண்ணே?”

“கேளு. கேமுக்குக் கதை எழுதற லேடி லீவுல இருந்தாளாம். நேத்து வந்து உன் டிக்கெட்டைப் படிச்சிருக்கா. இன்வேலிட்டைத் தூக்கிட்டு அவளே கீழ எழுதியிருக்கா, ‘மறந்துபோனது நான்’னு. இன்னிக்குக் காலையில பில்ட் வந்திருக்கு. என்னை டெஸ்ட் பண்ணச் சொல்லியிருக்காங்க.”

“லிஸ்ட்?”

“கேட்டேன். லிஸ்ட் மேல போயாச்சாம், மாத்த முடியாதாம்.” ஸஹானா நிறுத்தினாள். “சாரிடி.”

எதிர்ப்பக்கம் செங்கல்பட்டு வண்டி ஒன்று இரைச்சலோடு போனது. அது போய் முடியும் வரை இருவரும் காத்திருந்தார்கள்.

“சொல்லு,” என்றாள் வேதா. “என்ன நடக்குது?”

“‘வருவேன்’ பதிலைத் திரும்ப வெச்சுட்டாங்க. கடைசியில நெருப்பு அணையுது இல்ல, நீ மலை மேல உக்கார்ந்திருக்கே. கீழேர்ந்து ஒரு விளக்கு ஏறி வருது. மெதுவா. எனக்கே பக்குனு ஆயிடுச்சு, யாரோ சண்டைக்கு வராங்கன்னு நெனச்சேன். கிட்ட வந்தா தோமில். தாடியெல்லாம் நரைச்சுப் போச்சு.”

“என்ன சொல்றான்?”

“ஒரு லைன்தான். ‘நேரமாச்சேன்னு சாவடியைப் பூட்டிட்டு நானே வந்துட்டேன்.’ விளக்கைக் கீழ வெச்சுட்டுப் பக்கத்துல உக்கார்றான். பேரு ஓட ஆரம்பிச்சிடுது.”

நடைமேடையில் ஒருவர் நகர்ந்து அவளுக்கு நிழலில் இடம் விட்டார். அவள் அதைக் கவனிக்கவில்லை.

“ஏய். இருக்கியா?”

“நாலு முடிவுலயும் வரானா?”

“நாலுலயும். பார்த்துட்டேன்.”

“பழைய சேவ்?”

“அதுலயும்.”

“அவன் வந்தப்புறம் விளிம்புல நின்னு வடக்கே பார்த்தியா?”

“இல்ல.”

“பாரு.”

பட்டன்கள் தட்டும் சத்தம் கேட்டது. வண்டலூர்ப் பக்கம் போகும் வண்டி தூரத்தில் தெரிந்தது. அவன் இங்கே உட்கார்ந்திருக்க, அங்கே இன்னும் விளக்கு எரிந்தால் எல்லாம் வீண். வேதா போனைக் காதில் அழுத்திக்கொண்டாள். கோப்பின் உறை மறுபடி கையில் ஒட்டியது.

“இருட்டா இருக்கு,” என்றாள் ஸஹானா. “ஒண்ணும் இல்ல.”

“நல்லாப் பார்த்தியா?”

“பார்த்தேன்டி. புள்ளி இல்ல.”

“சரி,” என்றாள் வேதா. “அப்போ மூடிடு.”

வண்டி வந்து நின்றது. பெண்கள் பெட்டியில் உட்கார இடம் இருந்தது.