ஒரு பிடி குறைச்சல்

மதியம் லுஹர் தொழுதுவிட்டுக் கொல்லைக்கு வந்த அம்மா, அண்டாவின் மூடியைத் தள்ளி நோன்புக் கஞ்சியை ஒரு கிண்டு கிண்டினாள். அடுத்த நொடி அவளுடைய வலது கை தன்பாட்டுக்கு ஜன்னல் மாடத்துக்குப் போய் உப்பு ஜாடியைத் தேடியது. ஜாடி அங்கே இல்லை. தொழப் போவதற்கு முன்பே அளந்த உப்பைப் போட்டு முடித்து, ஜாடியை என்னிடம் கொடுத்துப் பக்கத்து வீட்டுச் சந்திரம்மாள் அக்காவிடம் ஒப்படைக்கச் சொல்லியிருந்தாள். நோன்பு திறக்கும்வரை தானே வந்து கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினாள். வெறும் மாடத்தைத் தடவிய கையைப் பார்த்து அம்மா சிரித்துக்கொண்டாள்.

எங்கள் ஆழ்வார்தோப்புத் தெருவில் ரமலான் மாதம் பெண்கள் மதரஸாவில் கூடி நோன்பு திறப்பார்கள். தினமும் ஒரு வீட்டுக் கஞ்சி. போன வருஷம் முதல்முறையாக எங்கள் வீட்டு முறை வந்தது. சின்னச் சட்டியில் அம்மா வைக்கும் கஞ்சிக்கு நல்ல பெயர் உண்டு. அந்தத் தைரியத்தில் அண்டாவில் இறங்கிவிட்டாள். தொழப் போகும்போது உப்புப் போட்டவள், தொழுதுவிட்டு வந்து, போட்டதை மறந்து அதே அளவு உப்பை மறுபடியும் போட்டாள். நுனி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்பார்கள் சிலர். நோன்பு வாயில் அம்மாவுக்கு அதெல்லாம் ஆகாது. பாங்கு சொன்னதும் எல்லோரும் பேரீச்சம்பழம் தின்று, தண்ணீர் குடித்து, கஞ்சியை வாயில் வைத்தார்கள். வைத்தவர்கள் கிண்ணத்தைக் கீழே இறக்கிவிட்டார்கள். சம்ரீன் அக்காவின் வாய்க்குத்தான் பூட்டு கிடையாதே, திருச்சிக்கு இனிமேல் கடல் இல்லாத குறை இல்லை என்றாள். சிரிப்பு அடங்க வெகுநேரமானது. அம்மா தலை குனிந்தபடி அண்டாவைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். எனக்கு அழுகையாக வந்தது.

அதன் பிறகு நோன்பில்லாத மாதங்களில் அண்டாவை இரவல் வாங்கி வாங்கிக் கஞ்சி வைத்தாள். எவ்வளவு அரிசிக்கு எவ்வளவு உப்பு என்று அவள் கைக்குப் பிடிபடும்வரை, நாங்களும் சந்திரம்மாள் அக்கா வீடும் காய்ச்சல் வராமலே கஞ்சி குடித்தோம். இந்த வருஷம் எங்கள் முறை நெருங்கியதும் அத்தா, நமக்கு எதுக்கு வம்பு, உறையூர்ப் பண்டாரியை வைத்துச் சமைத்துவிடலாம் என்று ஆரம்பித்தார்.

"பண்டாரி வெச்சா நல்லாத்தாங்க இருக்கும்," என்றாள் அம்மா. "ஆனா போன வருஷக் கஞ்சி நான் வெச்சது. இந்த வருஷமும் நான்தான் வெக்கணும்."

அத்தா விறகுக்கு ஏற்பாடு செய்யப் போய்விட்டார்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னபோது அம்மா எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். மதரஸா கூடம் முழுக்கப் பெண்கள். பேரீச்சம்பழக் கொட்டையை வைத்துவிட்டு ஒவ்வொருத்தராகக் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்தார்கள். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எதிர் வரிசையிலிருந்து சம்ரீன் அக்காவின் குரல் வந்தது.

"ஷரபுக்கா, உப்பு கொஞ்சம் பத்தலையே."

ஒரு வருஷப் பாடும் வீணாய்ப் போனதே என்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் அப்படியொரு களை. துப்பட்டிக்குள்ளிருந்து மூடி போட்ட ஒரு சின்னக் கிண்ணத்தை வெளியே எடுத்தாள்.

"பத்தாதுன்னு தெரியும்மா. ஒரு பிடி கொறச்சுத்தான் போட்டேன், அதை இதுல எடுத்து வெச்சேன். இந்தா, வேணுங்கற அளவு போட்டுக்க."

சம்ரீன் அக்கா ஒரு சிட்டிகை எடுத்துக் கலக்கிக் குடித்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கஞ்சிக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். இவள் என் அம்மா என்று அந்தக் கூடத்தில் எல்லோரிடமும் சொல்ல வேண்டும்போல எனக்குப் பெருமை பொங்கியது. அதற்குள் அந்தப் பக்கத்து வரிசையிலும் உப்புக்குக் கை நீட்டினார்கள். அம்மா எழுந்தாள். கல்யாண வீட்டில் சந்தனக் கிண்ணம் ஏந்தி வருகிறவளைப்போல, உப்புக் கிண்ணத்தை நீட்டியபடி, நிமிர்ந்த தலையோடு வரிசை வரிசையாக நடந்து போனாள்.