மீதி ஆறு மணி நேரம்

கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலை பார்க்கிறவன்தான், ஆனால் அவன் வீட்டு நெட்வொர்க் ஒழுங்காக இருந்ததே இல்லை. ஊரார் வீட்டுக்கெல்லாம் விழுந்தடித்து ஓடுவான். சொந்த வீடென்றால் மட்டும் "நாளைக்குப் பாக்கலாம்". நெட்வொர்க்குக்கு மட்டுமில்லை, மனைவி எதைக் கேட்டாலும் அதே பதில். அவளும் பன்னிரண்டு வருஷம் பார்த்துவிட்டு, அக்கா வீட்டோடு போய்விடுவதென்று முடிவு கட்டிவிட்டாள்.

அவள் பெட்டி வாசலில் தயாராக நின்றது. குடும்பப் படங்களும் வீடியோக்களும் பெரிய கம்ப்யூட்டரிலிருந்து வீட்டு நெட்வொர்க் வழியாக அவளுடைய லேப்டாப்புக்கு ஏறிக்கொண்டிருந்தன. ஏறி முடிந்ததும் கிளம்புவதாகப் பேச்சு. திரையில் 'மீதி ஆறு மணி நேரம்' என்று வந்ததும் அவனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஆறு மணி நேரத்தில் மன்னிப்புக் கேட்கலாம், அழலாம், காலில்கூட விழலாம். சட்டென்று நகலெடுத்துக் கொடுக்க ஒரு டிஸ்க் அவன் பையிலேயே கிடந்தது. அதைப் பற்றி அவன் மூச்சு விடவில்லை.

பேச வாயெடுத்தவன் ரவுட்டரைப் பார்த்துத் தொலைத்தான். பச்சையாக எரிய வேண்டிய விளக்கு மஞ்சளாக எரிந்தது. அவ்வளவுதான், கை பரபரத்துவிட்டது. அதிலிருந்து பெரிய கம்ப்யூட்டருக்குப் போகிற கேபிளைத் தடவிக்கொண்டே போனான். அது கட்டில் காலுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

"ஒரு கை புடி."

"இப்பவா?"

"உள்ள கம்பி அறுந்திருக்கும். ஒண்ணு போனாலே வேகம் பத்துல ஒரு பங்குதான். தூக்கு!"

"என் கால்ல போட்டுடாதீங்க" என்று சிரித்துக்கொண்டே தூக்கினாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. புதுக் கேபிளை மாட்டி, நின்றுபோன நகலை மறுபடி ஓடவிட்டான். விளக்கு பச்சையானது.

"பாத்தியா? பறக்குது!" என்று குதிக்காத குறையாகக் கத்தினான்.

இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். மீதி அரை மணி நேரம்.

அவன் கை புதுக் கேபிளுக்குப் போனது. "பழசையே மாட்டிடறேன்."

"வேணாங்க." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இன்னிக்குத்தான் நான் கேக்காமலே வீட்டு வேலை ஒண்ணு செஞ்சிருக்கீங்க. இருக்கட்டும்."

அக்காவுக்குப் போன் போட்டு, சீக்கிரமே வந்துவிடுவதாகச் சொன்னாள். பிறகு அவன் பக்கத்தில் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். அந்த அரை மணி நேரமும் எழுந்திருக்கவே இல்லை. அவனுக்குத்தான் ஒரு வார்த்தைகூட வரவில்லை.