முந்நூறு கிலோ கார்பைடுத் தூள்

சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாட்டின் விலை, எங்கள் ஜூஜோ ஊரில், எண்ணூறு யுவான். பட்டறை முதலாளி ஹூ சொன்ன விலை.

“எண்ணூறு வாங்கிக்கிட்டு நீ இருந்துடு லியாவ். ஒனக்கு வீட்டுல யாரு காத்திருக்கா?”

“யாரும் இல்லாதவனுக்குத்தான் மொதலாளி செலவு ஜாஸ்தி. குரல் கேக்கணும்னாகூட டிவிக்குக் கரண்டு கட்டணும். ஆயிரத்து எரநூறு.”

ஆயிரத்துக்கும் ஒரு துண்டு புகைபோட்ட பன்றிக்கறிக்கும் படிந்தது. மற்ற வேலையாட்கள் ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள்.

டங்ஸ்டன் கார்பைடும் கோபால்ட்டும் இரண்டு நாள் அரைபட்டுக் குழம்பாக இருந்தது. சூடான கோபுரத்துக்குள் தெளித்தால் பொடி மணிகளாகக் காய்ந்து விழும். வாங்குகிறவர்கள் அதைச் சுடரில் உருக்கி விமானச் சக்கரங்களின் கால்களில் பூசுவார்கள். தெளிக்கத் தொடங்கிவிட்டால் முடிக்கிறவரை அழுத்தமானியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது.

பாதி தெளித்திருப்பேன், அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே மகள் யான்வென் வந்து நின்றாள். அவள் அம்மாவும் நானும் மணமுறிவு செய்துகொண்ட பிறகு அவளைப் பார்த்து மூன்று வருடம். அம்மா வீட்டுக்குப் போகிற வழியில் இங்கே ரயில் மாறுகிறாளாம். இரைச்சலில் பேச்சு கேட்காததால் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்தே போன் செய்தாள்.

“வெளிய வாங்கப்பா. டாக்சி நிக்குது, இருபது நிமிஷந்தான்.”

“தலமயிர் வரைக்கும் கோபால்ட்டும்மா, தொட்டா ஒட்டிக்கும். குளிச்சு உடுப்பு மாத்தவே அரைமணி ஆயிடும்.”

“சரி, முகமூடியையாவது கழட்டுங்க. யார்கிட்ட பேசுறேன்னு எனக்குத் தெரிய வேணாமா?”

உள்ளே அதைக் கழற்றக் கூடாது. கழற்றினேன். கண்ணாடியருகே போனேன். அழுத்தமானி முதுகுக்குப் பின்னால் போயிற்று.

“நரைச்சுப் போச்சேப்பா.”

“தூசும்மா.”

“தூசு தாடியில முளைக்குமா?”

கல்லூரி விடுதியைப் பற்றிச் சொன்னாள். கடைவாய்ப்பல் பிடுங்கிய இடத்தை வாய் திறந்து காட்டினாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் போய்விட்டாள்.

திரும்பினேன். முள் சிவப்பில் நின்றது. தெளிக்கும் முனை பாதி அடைத்து, குழம்பு காயாமலே கோபுரச் சுவரில் அப்பிக் கிடந்தது. நிறுத்தி, முனையைக் கழற்றிக் கழுவி, மிச்சத்தைத் தெளித்து முடித்தேன். கோபுரம் ஆறியதும் உள்ளே இறங்கிச் சுரண்டினேன். மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாததால், சுரண்டியதைக் கொட்டத் தார்ப்பாயைக் கல் வைத்து விரித்தேன்.

பதிவேட்டில் எழுதினேன். போட்டது முந்நூறு கிலோ. தேறியது இருநூற்று நாற்பத்தாறு. சுவரில் சுரண்டியது நாற்பத்து மூன்று. வடிகட்டிப் பையில் பதினொன்று. கூட்டினால் முந்நூறு, சரி. சேதத்துக்குக் காரணம்: எழுதவில்லை.